ஏட்டுக் கைப்பிடி

இடுப்புக்குச் சற்று மேலே கொக்கிக்கு ஒரு வலி இருந்தது. குனிந்தால் இழுக்கும். நிமிர்ந்தால் பிடிக்கும். சும்மா உட்கார்ந்தால், ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று குத்தும். முப்பத்தேழு வருஷம் கிடங்கில் மூட்டை தூக்கியபோது வராத வலி அது. ஐம்பது கிலோ சிமெண்டு, எழுபது கிலோ சர்க்கரை, எண்ணெய்ப் பீப்பாய், இரும்புப் பெட்டி எல்லாம் அந்த முதுகில் ஏறி இறங்கிப் போயிருக்கின்றன. நாற்பத்தாறு கிலோ அக்காவைக் குளியலறைத் தரையிலிருந்து தூக்கிய அன்றைக்குத்தான், ஆளை விடு என்று முதுகு சொல்லிவிட்டது.

"மூட்டையத் தூக்குற மாதிரி தூக்காதடா," என்று அக்கா ஈரத்தரையில் கிடந்தபடியே அதட்டினாள்.

"மூட்டைன்னா வாயை மூடிக்கிட்டு வரும்."

"மூட்டைக்கு இடுப்பு வலிக்காது. எனக்கு வலிக்குது. பார்த்துத் தூக்கு."

கொக்கி என்பது அவர் பெயரில்லை. மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியை எந்நேரமும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததால் கிடங்கில் வைத்த பெயர். ஐம்பத்தேழு வயதாகியும் பெயர் போகவில்லை, கொக்கியும் போகவில்லை. அக்கா அவரைவிடப் பதினோரு வருஷம் மூத்தவள். கட்டடம் கட்டுகிற இடங்களில் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்து, தம்பியை ஆளாக்கி, தானும் எப்படியோ பிழைத்தவள். இப்போது அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவை விழுந்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் எந்நேரமும் ஆள் இருக்க வேண்டும். குளியலறையில் பிடித்து எழுந்திருக்க உறுதியான கைப்பிடி வேண்டும். நாலாவது தடவை விழுந்தால் இடுப்பெலும்பு போகும், அதோடு நடமாட்டமும் போகும். கொக்கி வேலைக்குப் போனால் ஆள் கிடையாது, போகாவிட்டால் சாப்பாடு கிடையாது. வாடகை வீட்டுக் குளியலறைக்குச் சுவர் தகரம். அதில் கைப்பிடி போட்டால் கைப்பிடியோடு சுவரும் கையில் வரும்.

சுமைத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு திட்டம் இருந்தது. உறுப்பினரின் வீட்டு ஆள் ஒருவரை, முடியாதவர்களை உடனிருந்து கவனிக்கிற 'உதவி வாழ்வு இல்லம்' ஒன்றில் சேர்த்தால் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்த இல்லத்தின் ஆய்வுப் பதிவேட்டில் 'குறையில்லை' என்று இருக்க வேண்டும். ஒரே ஒரு குறை இருந்தாலும் சங்கம் கையைக் கழுவிவிடும். பதிவேட்டைப் படித்துப் பார்த்தேன், திருப்தி என்று உறுப்பினரே கையெழுத்துப் போட வேண்டும். கொக்கிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அக்கா விஷயம். ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் படிக்கப் போனார்.

இல்லம் மூன்று மாடி. மாடிக்கு ஆறு அறை. வாசலில் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று பலகை. பலகைக்குப் போக ஏழு படி. வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வெல்வெட் துணிமேல் தடியாகப் பதிவேடு, பெட்டிக்குப் பூட்டு.

"படிக்கணும் மேடம். படிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும்னு சங்கத்துல சொன்னாங்க."

"தாராளமாப் படிங்க. எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது," என்றார் மேலாளர் அம்மா. புடவையில் மூன்று பதக்கம் குத்தியிருந்தார். மூன்றிலும் பாதுகாப்பு என்ற சொல் இருந்தது.

"பூட்டியிருக்கே."

"அது பதிவேட்டோட பாதுகாப்புக்கு. போன வருஷம் ஒருத்தர் எடுத்துப் பக்கத்தைப் புரட்டிட்டாரு. ஓரம் மடங்கிப்போச்சு."

கடைசியில் அவரே பெட்டியைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, வாசித்துக் காட்டினார். "கடந்த ஆண்டில் தீ விபத்து, இல்லை. உணவுக் கோளாறு, இல்லை. விழுந்தவர்கள், ஒருவரும் இல்லை..."

தாழ்வாரத்தில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, "ஐயோ, அம்மா," என்று ஒரு கிழக்குரல்.

கொக்கி பாய்ந்து போனார். ஒரு பெரியவர் சுவரோரமாகக் கால் ஒரு பக்கம், ஊன்றுகோல் ஒரு பக்கமாகக் கிடந்தார். இல்லத்து ஆயா அதற்குள் வந்து அவர் பக்கத்தில் குந்தி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கொக்கி அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தார். முதுகு கெட்ட வார்த்தை சொன்னது.

"விழுந்துட்டாரே மேடம்!"

"யாரு சொன்னது?"

"நான் பார்த்தேனே."

"நீங்க பார்த்தது அவர் கீழ இருந்ததை. விழுந்ததைப் பார்த்தீங்களா?" மேலாளர் அம்மா பொறுமையாகச் சிரித்தார். "விதி என்ன சொல்லுதுன்னா, பொறுப்பான அலுவலர் ஒருத்தர் கண்ணெதிரே நடந்தாத்தான் அது விழுதல். யாரும் பார்க்காதப்ப தரையில இருந்தா, அது திட்டமிடாத அமர்வு. அதுக்குத் தனி நோட்டு. விழுந்தார்னு எழுதினா விசாரணை வரும், அந்தப் பெரியவரைத்தான் ஆயிரம் கேள்வி கேப்பாங்க. உட்கார்ந்தார்னு எழுதினா அது அவரோட விருப்பம். நாங்க இங்க தங்கியிருக்கவங்க விருப்பத்துக்கு ரொம்ப மரியாதை குடுக்கிறோம்."

"அலுவலர் பார்த்தா?"

"அதனாலதான் எங்க அலுவலர்கள் தாழ்வாரப் பக்கம் அதிகமா வர்றதில்லை."

கொக்கி தலையை ஆட்டினார். புரிந்ததாலல்ல. படித்தவர்கள் பேசும்போது தலையாட்டுவது அவர் உடம்புக்கு மூட்டை தூக்குவதைப் போலவே பழகிப்போன வேலை.

அறைகளைக் காட்டக் கூட்டிப் போனாள் ஆயா. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலேயும் அழைப்பு மணிக்கு ஒரு கயிறு இருந்தது. அது உத்தரத்தை ஒட்டிச் சுருட்டிக் கட்டியிருந்தது.

"ஏம்மா, இது எட்டாதே?"

"கீழ தொங்கினா தடுக்கி விழுந்துடுவாங்களாம்ணே. அதான் மேல கட்டச் சொன்னாங்க. எட்டிப் பிடிக்க முடிஞ்சவங்களுக்கு உதவி தேவையில்ல. எட்டாதவங்க கூப்பிடுறதில்ல. வருஷம் முழுக்க ஒரு மணிகூட அடிக்கலன்னு போன தடவை பதக்கம் குடுத்தாங்க. மேடம் குத்தியிருக்காங்களே, நடுவுல இருக்கே, அது."

குளியலறைகளில் கைப்பிடி இல்லை. ஆறு அறை பார்த்தார், ஆறிலும் இல்லை. கேட்கலாம் என்று அவர் கீழே இறங்கி வந்தபோது, மேலாளர் அம்மா வேர்த்துப்போய் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அன்றைக்குத் திடீர் ஆய்வு. பதினோரு மணிக்குத் திடீரென்று வருவதாக மூன்று வாரத்துக்கு முன்பே கடிதம் வந்திருந்தது. இந்த வருஷம் புது விதி: பதினெட்டுக் குளியலறையிலும் கைப்பிடி இருக்க வேண்டும், மாடிக்கு ஒரு தீயணைப்பு உருளை இருக்க வேண்டும். கைப்பிடிக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது. மாதிரிக்கு அனுப்பிய ஒன்றுதான் கையில் இருந்தது. இரண்டு முனையிலும் ரப்பர் கிண்ணம் வைத்தது. ஈரம் தொட்டு டைல்ஸில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், நெம்பினால் டொப்பென்று வந்துவிடும். உருளையும் ஒன்றுதான்.

மேலாளர் அம்மா கொக்கியின் தோளைப் பார்த்தார். பிறகு பின்பக்கப் படிக்கட்டைப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் ஒரு கை பிடிக்கிறீங்களா?"

இந்த இடத்தில்தான் கொக்கி தவறினார். கிடங்கில் வேலை செய்தவனிடம் ஒரு கை பிடி என்று சொல்லிவிட்டால், எதை, எங்கே, எதற்கு என்று கேட்பதற்குள் தோள் குனிந்துவிடும். நெருப்பு என்றால்கூட முதலில் தூக்கிவிட்டு அப்புறம்தான் கீழே போடுவான்.

பதினோரு மணிக்கு ஆய்வாளர் திடீரென்று வந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் அட்டை, மூக்கில் கண்ணாடி. அவர் முன்படியில் ஏறினார். கொக்கி ஒரு தோளில் உருளையும் ஒரு கையில் கைப்பிடியுமாகப் பின்படியில் ஏறினார். ஆயா ஈரத்துணியோடு முன்னால் ஓடினாள். ஆய்வாளர் அறைக்குள் வருவதற்குள் ரப்பரில் ஈரம் தொட்டு, சுவரில் அழுத்தி, திரைக்குப் பின்னால் ஒளிந்து, அவர் அளந்து எழுதிக்கொண்டு போனதும் டொப்பென்று பிடுங்கி, அடுத்த அறைக்கு. அந்த இல்லத்தின் பாதுகாப்பு முழுவதும் அன்றைக்கு ஒரு மனிதனின் முதுகில் ஏறி அறை அறையாகப் போய்வந்தது.

எட்டாவது அறையில் ஆய்வாளர் நின்றார். கைப்பிடியைக் குனிந்து பார்த்தார். திரைக்குப் பின்னால் கொக்கி மூச்சை நிறுத்தினார்.

"மேடம், ஒண்ணு கவனிச்சேன். எட்டுக் கைப்பிடியிலயும் இடது ஓரத்துல ஒரே மாதிரி ஒரு கீறல்."

மேலாளர் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இதுக்குப் பேர்தான் தரம்," என்றார் ஆய்வாளர். "மத்த இடத்துல ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. இங்க கீறல்கூட அளவு பிசகாம இருக்கு. எந்தக் கம்பெனி?"

பன்னிரண்டாவது அறையில் டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது. ரப்பர் ஒட்டவில்லை. கொக்கி அழுத்தினார், விழுந்தது. மறுபடி அழுத்தினார், விழுந்தது. செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கைப்பிடியைச் சுவரோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஆய்வாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "யாரு இவரு?"

"பராமரிப்புப் பொறுப்பாளர் சார். பொருத்தினவர்," என்றார் மேலாளர் அம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"ஏன் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

கொக்கிக்குப் பொய் சட்டென்று வராது. வாயில் வந்ததைச் சொன்னார். "கைப்பிடிங்க. பிடிச்சுக்கத்தானே?"

ஆய்வாளர் அதை நெடுநேரம் யோசித்தார். பிறகு அட்டையில் எழுதினார். எழுதும்போது வாய்விட்டுப் படிப்பது அவர் பழக்கம். "பயன்பாடு, நடைமுறையில் உள்ளது." அட்டையைக் கக்கத்தில் செருகிவிட்டுக் கைப்பிடியைப் பற்றி ஒரு இழுப்பு இழுத்தார். முப்பத்தேழு வருஷக் கை அது. அசையவில்லை. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். அசையவில்லை.

"அடேங்கப்பா. சுவரோட சுவரா நிக்குது. உறுதி, மிக நன்று."

பதினெட்டும் முடிந்ததும் வரவேற்பறையில் பதிவேட்டை விரித்தார்கள். 'பொருத்தியவர் கையொப்பம்' என்று பதினெட்டு வரி. கொக்கி பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலாளர் அம்மா குனிந்து காதோரமாகச் சொன்னார். "குறையில்லைன்னு வந்தாத்தான் உங்க சங்கம் ஒத்துக்கும். பதின்மூணாம் ரூம் காலியா இருக்கு. கைப்பிடி வண்டியில வந்துக்கிட்டே இருக்கு, முதல்ல உங்க அக்கா ரூமுக்குத்தான் போடுவேன். உங்க இஷ்டம்."

அவர் கையெழுத்துப் போட்டார். சங்கத்தில் சொல்லிக்கொடுத்த ஒரே கையெழுத்து. பதினெட்டும் பதினெட்டு மூட்டை போலக் கனத்தது. பத்தொன்பதாவதாக, பதிவேட்டைப் படித்தேன், திருப்தி என்ற சங்கத்துத் தாளிலும் அங்கேயே போட்டுவிட்டார். பேனா கையில் இருந்தது.

டீ குடித்துக்கொண்டே ஆய்வாளர் ஊழியர்களைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசினார். "இந்தத் துறையில எனக்கு இருபத்தாறு வருஷம். இதுவரைக்கும் ஒரு இல்லத்துலகூட நான் ஒரு குறை கண்டுபிடிச்சதில்லை. கண்டுபிடிச்சா முதல்ல என்ன கேப்பாங்க? போன வருஷம் இதைப் பார்க்காம விட்டவன் யாருன்னு கேப்பாங்க. போன வருஷம் வந்தவன் யாரு? நான். அதனால குறை இருக்க வழியே இல்லை. தொடர்ந்து ஒரே ஆள் ஆய்வு செய்யறதுல இருக்கிற நன்மை இதுதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். உருளையை இன்னும் தோளில் வைத்திருந்ததால் கொக்கி மட்டும் தட்டவில்லை.

அடுத்த வாரம் அக்கா பதின்மூன்றாம் அறைக்கு வந்தாள். துணிமூட்டையைக் கட்டிலில் வைத்ததும் நேராகக் குளியலறையைத்தான் எட்டிப் பார்த்தாள்.

"எங்கடா கைப்பிடி?"

"வரும்க்கா. வண்டியில வந்துக்கிட்டிருக்கு."

"பதிவேட்டுல இருக்கும்மா," என்றாள் ஆயா, ஆறுதலாக. "ரூமுக்கு ஒண்ணு. உறுதி, மிக நன்றுன்னு போட்டிருக்கு."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஏட்டுக் கைப்பிடியை இங்கதான் பார்க்கிறேன். போட்டேன்னு எவன் கையெழுத்துப் போட்டான்?"

கொக்கி துணிமூட்டையை அவிழ்க்கப் போய்விட்டார்.

"பொருத்தினவர்னு ஒருத்தர்மா," என்றாள் ஆயா. ஓரக்கண்ணால் கொக்கியைப் பார்த்தாளே தவிர மேற்கொண்டு சொல்லவில்லை.

"அந்தப் பொருத்தினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும். அவன் கையெழுத்துப் போட்ட கையை ஒடிச்சு, அதையே சுவத்துல அடிச்சுக் கைப்பிடியா வெச்சுக்கிறேன்."

அன்றிலிருந்து தினமும் குளிக்கப் போகும்போது பொருத்தியவனுக்கு அர்ச்சனை நடந்தது. அவன் பிறப்பு, வளர்ப்பு, அவனை வளர்த்தவள் எல்லோரையும் அக்கா ஒரு பிடி பிடித்தாள். "இப்படி ஒருத்தனை வளர்த்து விட்டிருக்காளே ஒருத்தி, அவளைச் சொல்லணும்," என்பாள். பார்க்க வந்த கொக்கி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். முதல் வாரத்தில் அக்கா பெயரில் நோட்டில் இரண்டு அமர்வு ஏறியது. நல்லவேளை, இரண்டும் கட்டிலோரம். வலது முழங்கை நீலம் பாய்ந்திருந்தது.

கொக்கி மேலாளர் அம்மாவிடம் போனார்.

"மேடம், அந்தக் கைப்பிடி வண்டி?"

"திருப்பி அனுப்பிட்டேன்."

"ஏன் மேடம்?"

"என்னண்ணே, தெரியாத மாதிரி கேக்கறீங்க? பதினெட்டும் பொருத்தியாச்சுன்னு பதிவேட்டுல இருக்கு. மறுபடி பதினெட்டு வாங்கினா, முன்ன வாங்கினது எங்கன்னு தணிக்கையில கேக்க மாட்டாங்களா? இல்லாத பொருளை வாங்கலாம். இருக்கிற பொருளை எப்படி வாங்கறது?"

"இல்லையே மேடம்."

"அப்படிச் சொல்லாதீங்க. உங்க கையெழுத்தை நீங்களே நம்பலேன்னா நாங்க யாரை நம்பறது?"

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பலனில்லை என்பது கொக்கிக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார். முக்கால் அங்குல இரும்புக் குழாயில், இரண்டு பக்கமும் தட்டு வைத்துப் பற்றவைத்த கைப்பிடி ஒன்று வாங்கினார். கிடங்கு நண்பனிடம் துளைபோடும் மிஷினை இரவல் கேட்டார். மேலாளர் அம்மாவுக்கு விடுமுறை நாள். ஆயா கதவைச் சாத்திக்கொண்டு காவல் நின்றாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தாள்.

"அங்க போடாத, அது பூச்சு. விரலால தட்டிப் பாரு. டொக் டொக்குனு கேட்டா உள்ளே வெறும் காத்து. இந்தப் பக்கம் வா. ம், இது செங்கல். நான் சுமக்காத செங்கலா? இங்க போடு."

நான்கு துளை, நான்கு போல்ட்டு. கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டுக் கொக்கி தள்ளி நின்றார். அக்கா கைப்பிடியைப் பற்றினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்தாள். ஒருவர் தோளும் இல்லாமல், ஐயோ அம்மா இல்லாமல், தானாக. மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். சின்னப் பிள்ளை புதுச் செருப்புப் போட்டுப் பார்ப்பதைப் போல ஐந்தாறு தடவை.

"அந்தப் பொருத்தினவனைக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டணும்டா," என்றாள். "பாருடா, இதுக்குப் பேர்தான் பொருத்தறதுன்னு."

அங்கிருந்துதான் இல்லத்துக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது. விஷயம் அறை அறையாகப் பரவியது. காலையில் பதின்மூன்றாம் அறை வாசலில் துண்டும் வாளியுமாக வரிசை நின்றது. எல்லோரும் அங்கேயே குளித்தார்கள். அக்கா வாசலில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று விரட்டினாள். மாதக் கடைசியில் நோட்டை எடுத்துப் பார்த்த மேலாளர் அம்மா திடுக்கிட்டார். திட்டமிடாத அமர்வு வழக்கமாக மாதத்துக்குப் பதினாறு. இந்த மாதம் மூன்று.

"என்ன அநியாயம் இது! திடீர்னு இப்படிக் குறைஞ்சா, முன்ன ஏன் அவ்வளவு இருந்துச்சுன்னு கேப்பாங்களே!"

காரணத்தைத் தேடி மாடியேறினார். வரிசையைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். நேராக இறங்கிப்போய்த் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார்: பதிவு செய்யப்படாத பொருள் ஒன்று சுவரில் காணப்படுகிறது.

இந்த முறை ஆய்வாளர் உண்மையிலேயே திடீரென்று வந்தார். அக்கா கட்டிலில் இருந்தாள். கொக்கி வேலை முடிந்து பார்க்க வந்திருந்தார். ஆய்வாளர் குளியலறைக்குள் போய் நாடா வைத்து அளந்தார், தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு மேலாளர் அம்மா தூக்கி வந்த பதிவேட்டைக் கட்டிலின்மேல் விரித்தார்.

"இந்த இல்லத்துல பதினெட்டுக் கைப்பிடி. இது பத்தொன்பதாவது. ஏற்கெனவே கைப்பிடி இருக்கிற குளியலறையில இன்னொண்ணு போடறது விதிமீறல். இடுக்குல கை மாட்டிக்கும்."

"ஐயா, சுவத்துல ஒண்ணுதானே இருக்கு?" என்றார் கொக்கி.

"நான் சுவரைப் படிக்க வரலை. பதிவேட்டைப் படிக்க வந்தேன். சுவர் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இடியும். பதிவேடுதான் நிலைக்கும்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப முதல்ல போட்டதா எழுதியிருக்கீங்களே, அது எங்கய்யா? கூப்பிடுங்க அந்தப் பொருத்தினவனை. நானே கேக்கறேன்."

ஆய்வாளர் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து, கொக்கியிடம் நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து தெரியும். கூலி வாங்கிய ரசீதில், மருத்துவமனைச் சீட்டில், வாடகைத் தாளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கோணல் மாணலாக, கடைசியில் கொக்கி போல ஒரு வளைவு. பக்கம் முழுக்கப் பதினெட்டு வளைவு.

மேலாளர் அம்மாதான் கனைத்துக்கொண்டு சமாதானமாகச் சொன்னார். "அண்ணே, முதல்ல போட்டது காணோம்னு நீங்க சொன்னா, அது குறை. குறைன்னு ஏறினா உங்க சங்கம் நாளைக்கே நிறுத்திடும். அக்காவை எங்க கூட்டிட்டுப் போவீங்க? பத்தொன்பதாவதைக் கழட்டிட்டா ஒரு பிரச்சினையும் இல்லை. பொருத்தினவர் நீங்கதான்னு பதிவேட்டுல இருக்கு. அதனால கழட்டவும் உங்களுக்குத்தான் அதிகாரம்."

கொக்கி அக்காவைப் பார்த்தார். என் கையெழுத்துப் பொய், எல்லாம் பொய் என்ற சொல் வாய் வரை வந்தது. தகரச் சுவரும் ஈரத்தரையும் கண்ணில் வந்தன. சொல் அங்கேயே நின்றுவிட்டது.

"கழட்டுடா," என்றாள் அக்கா.

கழற்றினார். நல்ல செங்கல்லில் போட்ட போல்ட்டு, லேசில் வரவில்லை. கடைசியில் இடுப்புக் கொக்கியைக் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. சுவரில் நான்கு துளை தெரிந்தது. ஆய்வாளர் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "சுவருக்குச் சேதம், நான்கு. பொறுப்பு, பொருத்தியவர். இல்லத்தின் குறை, இல்லை."

அவர்கள் போனார்கள். அக்கா தன் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"நீ நடை பழகுனப்ப இதைத்தாண்டா பிடிச்சுக்கிட்டே. மணல்ல, ஜல்லியில, சாரத்தடியில. நான் எங்கயும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கல. விரலைக் குடுத்தேன்."

"அக்கா..."

"ஒரு மாசமா அவனை வளர்த்தவளை வேற திட்டியிருக்கேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது. "அவளைச் சொன்னது சரிதான்."

மறுநாளிலிருந்து கொக்கி காலையில் கிடங்குக்குப் போகும் வழியில் இல்லத்துக்கு வந்தார். பதின்மூன்றாம் அறைக் குளியலறையில், நான்கு துளைக்கு முன்னால் கதவுக்கு முதுகு காட்டி நின்று, கையை நீட்டிக்கொண்டிருப்பார். அக்கா பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள். வாசலில் வாளியோடு நிற்பவர்களுக்கும் நீட்ட வேண்டியிருந்தது. "கைப்பிடி வந்துட்டாரு, வாங்க வாங்க," என்று ஆயா கூப்பிடுவாள். முப்பத்தேழு வருஷமாக ஒட்டியிருந்த பெயர் ஒரு வாரத்தில் மாறிவிட்டது. காலை ஆறிலிருந்து ஏழு வரை, பதிவேட்டில் எழுதியிருந்ததில் பதினெட்டில் ஒரு பங்கு உண்மையாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை சர்க்கரை லாரி முன்கூட்டியே வந்துவிட்டது. இறக்கிவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. குளியலறைத் தரையில், வாளிக்கும் சுவருக்கும் நடுவே அக்கா இருந்தாள். ஆயா பக்கத்தில் குந்தி நோட்டை விரித்திருந்தாள்.

"விழுந்தேன்னு எழுதுடி," என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கட்டம் இதுல இல்லம்மா."

"இல்லேன்னா ஓரத்துல எழுது. கழுதை உட்கார்ந்தா எழுதுவியா உட்கார்ந்துச்சுன்னு? மனுஷி விழுந்தா விழுந்தான்னு எழுது."

ஆயா வாசலைப் பார்த்தாள். தாழ்வாரத்தில் அலுவலர் யாரும் இல்லை. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் சின்னதாக எழுதினாள். எழுதிவிட்டு நோட்டைச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

கொக்கி மண்டியிட்டு இரண்டு கையையும் அக்காவின் கீழே கொடுத்தார். நல்லகாலம், கால் அசைந்தது. எலும்பு போகவில்லை. இந்தத் தடவை போகவில்லை. தூக்கினார். முதுகு சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னது.

"மூட்டையத் தூக்குற மாதிரி தூக்காதே," என்றாள் அக்கா, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு. பிறகு சுவரைப் பார்த்தாள். "பதினெட்டுக்குக் கையெழுத்துப் போட்டே. எனக்குப் பதினெட்டு வேணாம்டா."

கழற்றிய கைப்பிடி வீட்டில் கட்டிலுக்கடியில் செய்தித்தாள் சுற்றிக் கிடக்கிறது, நான்கு போல்ட்டும் ஒரு டப்பியில் பத்திரமாக இருக்கின்றன. சுவரில் துளையும் அப்படியே இருக்கிறது. அக்காவுக்கு அவர் பட்ட கடனும் அப்படியேதான் இருக்கிறது: குளியலறையில் ஒரு கைப்பிடி.